'முகம் சிவக்குமா?' என்று ஒரு கேள்வியோடு நிறுத்தாதீர்கள்

சிங்கப்பூரில் மதுப்பழக்க ஆலோசனைப் பிரிவில் வேலை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் குடிப்பவர்களிடம் கேட்டுப் படிவம் நிரப்புவதைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்து. அளவைக் குறைத்து எழுதுவது மாதிரியான பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை தானாகச் சரியாகாது.

'இப்போது சிவப்பதில்லை' என்றதும் விட்டுவிடுவது

குடித்த மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது நச்சு. ஏஎல்டிஎச்2 என்ற நொதிதான் அதை முறிக்க வேண்டும். சீனர், ஜப்பானியர், கொரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த நொதி பிறவியிலேயே பலவீனம். நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும்.

நொதியைப் பலவீனமாக்கும் இந்த மாறிய மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் பெரும்பாலும் குடிக்கவே மாட்டார், உடம்பு விடாது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்தான் சிக்கல். விருந்துக்கு விருந்து 'யாம் செங்' (சீனர்களின் 'சியர்ஸ்') சொல்லிப் பழகிக்கொள்வார். சில வருடங்களில் சிவப்பு குறையும். நொதி மட்டும் பழைய நொதியேதான். மற்றவர் குடிக்கும் அதே அளவைக் குடித்தாலும் இவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு அதிகம்.

ஒரு வியாபாரி பலமுறை வந்து போனார். ஒவ்வொரு முறையும் 'முகச்சிவப்பு: இல்லை' என்று போன தடவை எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். சோறு தொண்டையில் நிற்கிறது என்று வந்த பிறகுதான் ஒருவர் பழைய கதையைக் கேட்டார். இளம்வயதில் ஒரு கிளாஸ் பியருக்கே தக்காளி மாதிரி ஆகிவிடுவாராம், சிரித்துக்கொண்டே சொன்னார். எண்டோஸ்கோப்பி செய்தபோது கட்டி வளர்ந்திருந்தது. இன்றைக்கும் அந்தப் படிவங்களை நினைத்தால் எரிச்சல்தான். இந்த நொதிக் குறையைக் கண்டுபிடிக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கேள்விகளே இரண்டுதான்: ஒரு கிளாஸ் பியர் குடித்தால் இப்போது சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் சிவந்ததா? இரண்டாவதைக் கேட்க அரை நிமிடம் ஆகுமா?

நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கேட்காமல் விடுவது

ஃபாமோடிடின் என்ற நெஞ்செரிச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடிப்பவர்கள் உண்டு. சிவப்பு மறையும், நச்சு அப்படியே இருக்கும்.

பெயரைப் பார்த்து இவர் சீனர், இவர் இல்லை என்று மரபணுவை ஊகிப்பது

கூடவே கூடாது.

'எவ்வளவு குடித்தாலும் தாங்குவேன்' என்பவரைப் பத்திரமானவர் என நினைப்பது

நேர்மாறு. அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல ஆய்வாளர், குடிநோயாளிகளின் மகன்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். இளம்வயதில் போதை குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அதிகம் குடிநோய்க்குள் விழுந்தார்கள். இந்தத் தாங்கும் தன்மையும் ஓரளவு பரம்பரையாக வருவதுதான். அப்பா எப்படிக் குடித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.