கொடைக்கானல்ல உக்காந்துக்கிட்டு நாட்டு கலர் மீன் எங்க புடிக்கிறது?

என் வீட்டு ஹால்ல மூணடி தொட்டி ஒண்ணு இருக்கு, தண்ணி சுமாரா 100 லிட்டர் புடிக்கும். வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது "இது எந்த நாட்டு மீன்ணே"ன்னுதான். வத்தலகுண்டு பக்கத்து கண்மாய் மீனுய்யான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, சிரிச்சுட்டு டீயக் குடிச்சிட்டு போயிடுறாங்க. அதான் எங்க கிடைக்கும், எப்படி மலை ஏத்துறதுன்னு ஒரே தடவையா எழுதிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு, பக்கத்து ஓடையில துண்டப் போட்டு அள்ளிட்டு வந்துரலாம்னு கெளம்பிராதீங்க. கொடைக்கானல சுத்தி இருக்குற காட்டுல பெரும்பகுதிய 2013லயே வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சிட்டாங்க, மிச்சத்துல நெறைய ரிசர்வ் பாரஸ்ட், அங்க மீன் புடிச்சா கேஸ்தான். அதுபோக மேல ஏற ஏற மீன் வகையே கம்மி. வழியெல்லாம் அருவி, கீழ இருக்குற மீன் எங்கிட்டு ஏறி வரும்? கலரு எல்லாம் அடிவாரத்துலதான் கெடக்கு.

ரெண்டாவது, கடைக்காரர் "நாட்டு மீன்"னு சொன்ன உடனே பர்ஸ எடுக்காதீங்க. எனக்கு ஆரம்பத்துல கீழ ஒரு கடையில ஆறு மீன் குடுத்தாங்க, உடம்பு கண்ணாடி மாதிரி, முதுகோரத்துல ஒண்ணுக்கு பச்சை ஒண்ணுக்கு ரோஸு ஒண்ணுக்கு ஊதா. பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் ஒரே குஷி. ரெண்டு மாசத்துல கலரு வெளுத்துப் போச்சு, மூணு செத்தும் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது நிஜமாவே நம்ம நாட்டு கண்ணாடி மீன்தான், ஆனா ஊசியில சாயத்த ஏத்தி விக்கிறாங்க. சாயம் ஏத்தாத கண்ணாடி மீன வெயில் படுற மாதிரி வச்சுப் பாருங்க, உள்ள இருக்குற முள்ளு ஒவ்வொண்ணா எண்ணலாம், அதுவே அவ்வளவு அழகு, அதுக்குப் போயி ஊசி போடுறானுங்க பாருங்க.

சரி இப்ப விஷயத்துக்கு வர்றேன். என்னோட மொத சோர்ஸு அயிரை மீன் விக்கிற இடம். மதுரை, தேனி, வத்தலகுண்டு பக்கம் அயிரைய உசுரோடதான் விப்பாங்க, செத்த அயிரைய யாரு வாங்குவா. காலையில வெள்ளன போனீங்கன்னா பெரிய அலுமினிய பேசின்ல தண்ணி ஊத்தி அயிரைய கொட்டி வச்சிருப்பாங்க, விக்கிற அக்கா பேசிக்கிட்டே கைய விட்டு கலக்கிக்கிட்டே இருக்கும், நுரை பொங்கி நிக்கும். அந்த நுரைய ஒதுக்கிட்டு ரெண்டு நிமிஷம் உத்துப் பாருங்க. அயிரையோட அயிரையா வேற பொடி மீனும் சேந்து வந்திருக்கும், வால் பக்கம் கறுப்பு பொட்டு வச்ச பொடிக் கெண்டை, நெத்தியில வெள்ளிப் பொட்டு மின்னுற முண்டகண்ணி, அதிர்ஷ்டம் இருந்தா இன்னும் ஒண்ணு ரெண்டு. "அக்கா எனக்கு அயிரை வேணாம், இந்த பொடிக் கெண்டைய மட்டும் பொறுக்கிக்கிறேன்"னேன் ஒரு தடவை. "அது ஒரே முள்ளாவுல இருக்கும் தம்பி, கொழம்புக்கு ஆகாது"ன்னுச்சு. வளக்கன்னு சொன்னதும் ஏற இறங்க பாத்துட்டு பத்து மீன சும்மாவே குடுத்துருச்சு. நான்தான் மனசு கேக்காம கால் கிலோ அயிரையும் வாங்கிட்டு வந்தேன், ஆட்டுக்கறிய விட விலை ஜாஸ்தி. அதுல ஒரு பத்த தொட்டியில விட்டுட்டு மிச்சத்த அம்மா கொழம்பு வச்சிருச்சு. அயிரைய வளக்குறதா இருந்தா அடியில நைஸ் மணலு போடுங்க, கூரான ஜல்லி போட்டா மீசை தேஞ்சு போகும். பகல்ல மணலுக்குள்ள பொதைஞ்சு கண்ண மட்டும் நீட்டிக்கிட்டு கெடக்கும், புள்ளைங்க எண்ணி வெளையாடுவாங்க.

ரெண்டாவது சோர்ஸு கண்மாய், டேம்ல மீன் புடிக்கிற ஆளுங்க. கண்மாய குத்தகைக்கு எடுத்தவங்களுக்கு கட்லா, ரோகு, ஜிலேபிதான் காசு, பொடி மீனு அவங்களுக்கு கழிவு, கரையில கொட்டி கொக்குதான் திங்கும். அந்த கழிவுலதான் நம்ம ஆளுங்க இருக்காங்க. சித்திரை, வைகாசியில தண்ணி வத்துறப்ப நத்தம், மேலூர் பக்கமெல்லாம் மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊரே ஊத்தா, கச்சான்னு மீன் புடிக்கிற சாமான் எல்லாம் தூக்கிக்கிட்டு எறங்கும், பாக்க நல்லாருக்கும், ஆனா தொட்டிக்கு மீன் எடுக்க அது சரிப்படாது, சேத்துல மிதிபட்டு செவுள்ல எல்லாம் சகதி ஏறி ஒரு நாளு கூட தாங்காது. அதவிட தெனமும் வலை போடுற ஒரு அண்ணன புடிச்சு பழக்கம் வச்சுக்கங்க. வீச்சு வலையில வந்த மீன் பொழைக்கும். ராத்திரி பூரா கட்டிக் கெடக்குற செவுள் வலையில மாட்டுனது வேணாம், செவுளு அறுந்திருக்கும். கையால எடுக்க வேணாம்ணே, மக்குல தண்ணியோட மோந்து குடுங்கன்னு சொல்லுங்க, செதிலு உதிர்ந்துச்சுன்னா அந்த எடத்துல பூஞ்சை புடிச்சுக்கும். காசு குடுங்க, கழிவுதானேன்னு ஓசியில கேக்காதீங்க, அடுத்த தடவை நல்ல மீன எடுத்து வச்சிட்டு அவரே போன் பண்ணுவாரு.

இப்படி வர்றதுல எனக்குப் புடிச்சது ஃபிலமென்ட் பார்ப்ன்னு சொல்ற கெண்டை. குஞ்சுல ஒடம்புல கறுப்பு பட்டை, வால் நுனியில ரெண்டு பக்கமும் செவப்பு. பெருசானா பட்டை மறைஞ்சு வாலு கிட்ட ஒரு நீளப் பொட்டு மட்டும் நிக்கும், ஆம்பள மீனுக்கு முதுகுத் துடுப்புல இருந்து நூலு நூலா தொங்கும். அரை அடிக்கு வளரும், செடிய மேஞ்சுரும், அதனால சின்ன தொட்டிக்காரங்க ஆசைப்படாதீங்க. டேனியோ வகை ஓடி வர்ற தண்ணியில கெடைக்கும், நீல ஒடம்புல மஞ்சக் கோடு, ஆறு மீனாவது சேத்து விடணும், இல்லன்னா ஒண்ண ஒண்ணு வெரட்டும். மூடி இல்லாத தொட்டியில விட்டா காலையில தரையில கருவாடுதான், முண்டகண்ணியும் அப்படித்தான். மஞ்சளும் ஆரஞ்சுமா நடுவுல கறுப்பு பொட்டு வச்ச செல்லக்காசு கெடச்சா விடாதீங்க, ஜோடி சேந்துச்சுன்னா முட்டைக்கு காவல் நிக்கும், குஞ்சுங்க அப்பன் ஆத்தா ஒடம்பு மேல இருக்குற வழுவழுப்பையே கொத்தித் தின்னு வளரும். ஆனா இதுக்கு கொஞ்சம் கடினமான தண்ணிதான் ஒத்துக்கும், நம்ம மலைத் தண்ணி ரொம்ப மென்மை, ஃபில்டர்ல ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டு வச்சிருக்கேன்.

இந்த அலைச்சலெல்லாம் முடியாதுங்கிறவங்க பண்ணை மீனுக்குப் போங்க. சென்னை கொளத்தூர்தான் நம்ம பக்கம் கலர் மீனுக்கு தலைநகரம், திண்டுக்கல், மதுரை கடைகள்ல சொல்லி வச்சா எடுத்துக் குடுப்பாங்க. ரோஸி பார்பும் ஜீப்ரா டேனியோவும் கேளுங்க, ரெண்டுமே இந்தியாவோட மீன், வடக்க, கெழக்க உள்ளது, விலையும் கம்மி, முக்கியமா நம்ம குளுரு தாங்கும். டைகர் பார்ப நாட்டு மீன்னு சொல்லி குடுத்தா வாங்காதீங்க, அது சுமத்ரா பக்கத்து ஆளு. மிஸ் கேரளான்னு சொல்ற செவப்புக் கோடு போட்ட மீன எல்லாரும் கேக்குறாங்க. கேரளா, கர்நாடகா ஆறுகள்ல மட்டும் இருக்குறது, கடைக்காரங்க அள்ளி அள்ளியே அழிவுப் பட்டியல்ல போய் உக்காந்திருச்சு, நான் அத வாங்குறதில்ல.

மலை ஏத்துறதுதான் பெரிய கூத்து. மொத தடவை கடைக்காரரு பாலிதீன் பையில ஆக்சிஜன கல்லு மாதிரி அடிச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்தாரு, பஸ்ல மடியில வச்சிருந்தேன். மலை ரோட்டுல காட்ரோடு தாண்டி டம்டம் பாறை வந்தப்பவே பை விண்ணுன்னு ஆயிருச்சு, இன்னும் மேல ஊத்துங்கிற ஊர் பக்கம் வந்தப்ப சிப்ஸ் பாக்கெட் உப்புற மாதிரி உப்பி ஓரத்துல பட்டுன்னு விட்டுருச்சு, பக்கத்து சீட்டு பெரியவரு வேட்டி பூரா தண்ணி. மேல 2,100 மீட்டர்ல காத்தழுத்தம் கொறச்சல், உள்ள இருக்குற வாயு கால்வாசிக்கு கிட்ட விரியும், அவ்வளவுதான் விஷயம். அதுக்கப்புறம் கடையிலயே சொல்லிடுவேன், கொடைக்கானலுக்குண்ணே, பைய தொளதொளன்னு கட்டுங்க, ரெட்டைப் பை போடுங்கன்னு. மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிஜன். மொத நாளே எரை போடாம வச்சிருந்தா பை தண்ணி நாறாது. தெர்மாகோல் பெட்டிக்குள்ள வச்சிருங்க, கீழ வேர்க்கும் மேல நடுங்கும், அந்த வித்தியாசம் மீனுக்கு ஆகாது.

வந்ததும் தொட்டியில கவுத்துராதீங்க. தனியா ஒரு டப்புல விட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் நம்ம தண்ணியா ஊத்தி ஒரு மணி நேரமாவது பழக்குங்க, ஏன்னா கீழ போர் தண்ணி உப்பு, மேல நம்ம தண்ணி நேர் எதிரு. மூணு வாரம் அந்த டப்புலயே இருக்கட்டும். கண்மாய் மீன்ல பேனு இருக்கும், நூலு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிற புழுவும் இருக்கும், டார்ச் அடிச்சு துடுப்படியில பாருங்க. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டா பொதுவா நல்லது, அயிரை இருந்தா பாதியாக்கிருங்க, அதுக்கு உப்பும் மருந்தும் ஆகாது. மார்கழி, தை ராத்திரியில ஹீட்டர் இல்லாம விட்டா வெள்ளைப் புள்ளி நோயி வந்துரும், எனக்கு 100 வாட் ஹீட்டர் போதுது, கரண்டு போனா தொட்டிக்கு கம்பளிய சுத்திட்டுப் படுத்துக்குவேன்.

வந்த புதுசுல எல்லாம் வெளுத்துப் போய் சாம்பலா இருக்கும், ஏமாத்திட்டாங்கன்னு நெனக்காதீங்க. கடையில விக்கிற உருண்டைத் தீனி, அதான் பெல்லட், அத அதுங்களுக்கு சாப்பாடுன்னே தெரியாது, மொத வாரம் கொசுப்புழு, பொடியா நறுக்குன மண்புழு, அப்புறம் அதோட பெல்லட்ட கலந்து பழக்குங்க. அடியில கறுப்பு மணலு, காஞ்ச நாட்டு பாதாம் எலை ரெண்டு போட்டு தண்ணி டீ கலருக்கு வரட்டும். எனக்கு இருவதாவது நாளு காலையில லைட்டப் போட்டப்ப ஃபிலமென்ட் பார்போட அந்த வால் நுனி செவப்பு ஏறி நின்னுச்சு, ஆபீஸுக்கு லேட்டு.

பெருத்துப் போச்சு, சலிச்சுப் போச்சுன்னா ஏரியிலயோ ஓடையிலயோ மட்டும் விட்டுராதீங்க. இந்த மலையோட வடக்கு தண்ணி சண்முகாநதி, அமராவதி வழியா காவேரிக்குப் போகுது, தெக்கு தண்ணி மஞ்சளாறு வழியா வைகைக்கு, அந்தப் பக்கத்து மீன இந்தப் பக்கம் விட்டாலே வம்பு. எனக்கு சொல்லுங்க, இல்ல வாங்குன அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுங்க, போன மாசம் நான் நாலு பெரிய கெண்டைய அப்படித்தான் குடுத்துட்டு வந்தேன்.