பின் ஷாக்கின் நீளத்தை மாற்றும்போது செய்யும் தவறுகள்

கால் தரைக்கு எட்டவில்லை என்று பைக்கின் பின் ஷாக்கை, அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குகிறார்கள். பின்பக்கம் எடுப்பாக நிற்கட்டும் என்று நீளமாக்குகிறார்கள். இரு தரப்பும் பார்ப்பது சீட்டின் உயரத்தை மட்டுமே. இதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பின்பக்கம் உயர்ந்தால் வண்டி முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நிமிர்கிறது. செங்குத்திலிருந்து ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்தை ரேக் என்கிறோம். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரம் ட்ரெயில். வண்டி தானாக நேர்கோட்டில் ஓடுவதற்கு முக்கியக் காரணம் இந்த ட்ரெயில்தான். இரு சக்கரங்களுக்கும் இடையே 1400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால், ரேக் ஏறத்தாழ 1 டிகிரி குறையும், 100 மி.மீ. ட்ரெயிலில் சுமார் 6 மி.மீ. போய்விடும். அளவு சிறியதுதான், ஆனால் கை உடனே உணரும். வளைவில் வண்டி சட்டென்று சாயும். வேகத்தில் மேடு பள்ளம் ஏறினால் ஹேண்டில் படபடக்கக்கூடும். குட்டையாக்கினால் இதற்கு நேர்மாறு. திருப்புவதற்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி வெளிப்பக்கம் விலகி ஓடும்.

ஷாக்கை 10 மி.மீ. நீட்டினால் பின்பக்கமும் 10 மி.மீ. உயரும் என்று நினைப்பது அடுத்த தவறு. சக்கரத்தின் அருகே பொருத்திய இரட்டை ஷாக்கில் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். லிங்க் எனும் இணைப்புக் கம்பிகள் வழியாக வேலை செய்யும் ஒற்றை ஷாக்கில் (மோனோஷாக்) சக்கரம் பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்கு நகரும். அங்கே 10 மி.மீ. என்பது 20 முதல் 30 மி.மீ. ஆகிவிடும்.

ஆள் ஏறியதும் பின்பக்கம் அதிகமாக அமிழ்கிறது என்பதற்காக நீளமான ஷாக் வாங்காதீர்கள். அது ஸ்பிரிங்கின் பலவீனம். எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டு, பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) சரிசெய்த பிறகுதான் நீளத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பின்பக்கத்தைத் தாழ்த்துபவர்கள் முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் ஏறக்குறைய அதே அளவு இறக்கினால் பழைய ரேக் திரும்பிவிடும். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது முன் மட்கார்டு எதிலும் இடிக்காது என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

குட்டை ஷாக்கில் நான் மிகவும் அஞ்சுவது, டயர் மேலே ஏறி இடிப்பதைத்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ரப்பர் நசுங்கும் வரை சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் நுழைகிறதா? பிரேக் ஹோஸ் எங்காவது நசுங்குகிறதா? அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

ஸ்டாண்டை யாரும் நினைப்பதில்லை. பின்பக்கத்தைத் தாழ்த்திய ஒரு வண்டியை சைடு ஸ்டாண்டில் விட்டுக் கையை எடுத்தேன். அது ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது. லேசாகக் கை பட்டதும் மறுபக்கம் சாயத் தொடங்கியது. கைப்பிடியைப் பற்றியதால் தப்பியது. தாழ்த்தினால் ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும். உயர்த்தினால் வண்டி ஸ்டாண்டின் பக்கம் அளவுக்கு மீறிச் சாயும்.

கடைசியாக செயின். நீளமான ஷாக்கில், பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் கூடுதலாகக் கீழே தொங்கும். அந்த நிலையில் பழைய அளவுக்கே செயினை இறுக்கினால், சக்கரம் மேலேறும்போது அது விறைத்துவிடும். கியர்பாக்ஸ் பேரிங்கும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் அந்த இழுப்பைத் தாங்க நேரும். முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் வரை ஒருவரைச் சீட்டில் அழுத்தச் சொல்லுங்கள். செயின் மிகவும் இறுகும் இடம் அதுவே. அங்கும் சிறிது தளர்வு இருக்கும்படி வைத்துவிட்டு ஆக்சில் நட்டை முறுக்குங்கள்.