கிரீடம் வச்ச முதல் மாசம்: எதுக்குப் போகணும், எப்படிப் போகணும்

அழகிப் போட்டில டைட்டில் ஜெயிச்ச மறுநாள் காலைலயே போன் அடிக்க ஆரம்பிச்சிடும். ஸ்கூல் ஆண்டு விழா, நகைக்கடை திறப்பு, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ரோட்டரி கிளப் மீட்டிங், யாரோட யூடியூப் சேனலோ, போதாக்குறைக்கு சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பு வேற. எல்லாத்துக்கும் சரின்னுதான் வாய்ல வரும். ஜெயிச்ச பொண்ணுங்களுக்கு துணையா சென்னைல இருந்து ஊர் ஊரா கூடப் போறவ நான், அந்த அனுபவத்துல சொல்றேன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, வாரத்துல ரெண்டு நாள் முழுசா லீவு, இதை முதல்லயே முடிவு பண்ணிடுங்க. நமக்கு அது மாசத்துல ஒரு நாள், அங்க வெயில்ல காத்துட்டு இருக்குற பசங்களுக்கு நம்மள பாக்கக் கிடைக்குறது அந்த ஒரு தடவைதான், அரைத்தூக்கத்துல போய் நின்னு கையை ஆட்டிட்டு வந்தா அது அவங்களுக்கு செய்யுற அநியாயம்.

தேதி குடுக்குறதுக்கு முன்னாடி, ஜெயிச்ச அன்னிக்கு கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட்டை எடுத்து வரி விடாம படிங்க, வீட்ல ஒரு வக்கீல் தெரிஞ்சா அவர்கிட்டயும் காட்டுங்க. கிரீடத்தை எந்த நிகழ்ச்சிக்கெல்லாம் வச்சிட்டுப் போகலாம், வெளி விளம்பரம் பண்ண யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும், டிக்கெட்டும் ரூமும் யார் செலவு, வர்ற பணத்துல போட்டி நடத்துறவங்களுக்கு எவ்ளோ, எல்லாம் அதுலதான் இருக்கும். வாய்ல சொன்னது எதுவும் நாளைக்கு நிக்காது. நிகழ்ச்சிக்கு கூப்பிடுறவங்க கிட்டயும் இடம், நேரம், என்ன பண்ணணும், எவ்ளோ நேரம் இருக்கணும்னு மெயில்லயோ வாட்ஸப்லயோ எழுத்துல வாங்கிடுங்க.

அடுத்தது தூரம். சென்னைக்குள்ள இருக்குறதுதானேன்னு நினைச்சா அதுலதான் மாட்டுவோம். மைலாப்பூர்ல இருந்து ஓஎம்ஆர்ல ஒரு காலேஜுக்கு சாயங்காலம் போறதுக்கும், வந்தே பாரத்ல ஏறி கோயம்புத்தூர் போறதுக்கும் உடம்பு படுற பாட்டுல பெரிய வித்தியாசம் இல்ல, இதுல மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்குற ரோடுன்னா கேக்கவே வேணாம். அதனால காலை நிகழ்ச்சியை நகரத்துக்குள்ளயே வைங்க, ஓஎம்ஆர், பூந்தமல்லி, தாம்பரம் தாண்டின இடம்னா அன்னிக்கு வேற சொந்த வேலை எதையும் வச்சுக்காதீங்க. மதுரை, திருச்சின்னா முந்தின நாளே போயிடுங்க. ராத்திரி ட்ரெயின்ல போய் விடிகாலை இறங்கி நேரா மேக்கப் சேர்ல உக்காந்தா கண்ணுக்கு கீழ இருக்குற வீக்கத்தை எந்த கன்சீலரும் மறைக்காது, மதியம் கிளம்புற வைகை எக்ஸ்பிரஸ்ல போய் ராத்திரி ஒழுங்கா படுத்து தூங்குங்க. அக்டோபர் பாதில இருந்து டிசம்பர் வரைக்கும் மழைக்காலம், எந்த ஊருக்குப் போனாலும் கார்ல ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் கிடக்கட்டும்.

ஃப்ளைட்னா கிரீடத்தை செக்-இன் பேக்ல போடவே போடாதீங்க. நம்ம ஊர் ஃப்ளைட்ல எகானமிக்கு பெரும்பாலும் 7 கிலோ ஹேண்ட் பேக் ஒண்ணுதான், அதனால கிரீடம் பெட்டியையே அந்த ஒண்ணா ஆக்கிடுங்க, மேக்கப்பும் துணியும் கீழ போகட்டும். செக்யூரிட்டில ஸ்கேன்ல பாத்துட்டு திறக்கச் சொல்லுவாங்க, நம்மளே திறந்து நம்மளே காட்டுறது நல்லது, சட்டுனு தூக்கினா கல்லு பெயர்ந்துடும். இன்னொண்ணு, நிறைய கிரீடத்துல கல்லு பசைலதான் ஒட்டியிருக்கும், மே மாச வெயில்ல பூட்டின கார்ல விட்டுட்டுப் போனா பசை இளகிடும். சாப்பிட இறங்குனாலும் பெட்டி கூடவே வரணும்.

கிரீடம் வைக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, இதை பொறுமையா கத்துக்கோங்க. தலைக்கு குளிச்ச அன்னிக்கே வச்சா வழுக்கும், முந்தின நாள் குளிச்ச முடிதான் பிடிப்பா இருக்கும். உச்சில கொஞ்சம் முடியை எடுத்து ரெண்டு பக்கமும் சின்னதா இறுக்கமா பின்னி, சுத்தி வச்சு பின் குத்திடணும், கிரீடத்தோட ஓரத்துல இருக்குற வளையம் வழியா வர்ற பின் அந்தப் பின்னல்ல போய் மாட்டணும், ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பின் எக்ஸ் மாதிரி குறுக்க. வச்சதுக்கப்புறம் குனிஞ்சு செருப்பு மாட்டிப் பாருங்க, ஆடலன்னா சரி. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தலைல வேணாம், கண்டிப்பா தலைவலி வரும். புடவைன்னா முந்தானை இடது தோள்ல இருக்கும், அதனால சாஷ், அதாவது டைட்டில் பேர் எழுதின பட்டை, வலது தோள்ல இருந்து இடது இடுப்புக்கு வரட்டும், தோள்ல பிளவுஸோட உள்பக்கமா ஒரு ஊக்கு, இடுப்புல ஒரு ஊக்கு. பட்டுல நேரா குத்தினா ஓட்டை விழும், அடில சின்ன துண்டு துணி வச்சு குத்துங்க. வேர்த்தா மேல மேல பவுடர் போடாம டிஷ்யூவை ஒத்தி எடுங்க.

நம்ம ஊர் மேடைன்னா குத்துவிளக்கு இல்லாம இருக்காது. செருப்பை கழட்டிட்டு ஏத்துங்க, மெழுகுவர்த்தி வலது கைல, இடது கையால முந்தானையும் சாஷ் நுனியும் சேத்து வயித்தோட பிடிச்சுக்கோங்க, முடி முன்னாடி விழாம பாத்துக்கோங்க. ஹேர் ஸ்ப்ரே சட்டுனு பத்திக்கும்ங்கிறதால விளக்கு ஏத்துற நிகழ்ச்சின்னா ஸ்ப்ரேயை கம்மி பண்ணி பின்னை அதிகம் பண்ணுங்க. பொன்னாடை பிரச்சனை இல்ல, மாலைதான் கிரீடத்துல மாட்டும், அதனால "சார், மாலையை கைல வாங்கிக்கிறேன்"னு கூட வர்றவங்க முன்னாடியே சொல்லி வச்சிடணும். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பர்ல இருந்து மாநிலப் பாடல், 55 செகண்ட், அந்த நேரம் கிரீடத்தை தொட்டுப் பாக்காம நேரா நில்லுங்க, வாய் விட்டு பாடுங்க. அழைப்பிதழை முந்தின நாளே வாங்கி மேடைல யார் யார் இருப்பாங்கன்னு பேரும் பதவியும் எழுதி வச்சுக்கோங்க, தலைமை ஆசிரியரை பேர் சொல்லி வணங்கினா அந்த ஹாலே நம்ம பக்கம் திரும்பிடும். பேச்சு தமிழ்லயே இருக்கட்டும், அஞ்சு நிமிஷம் போதும்.

ஹாஸ்பிடல், குழந்தைகள் இல்லம்னா கிரீடம் பெட்டியிலயே இருக்கட்டும்ங்கிறது என் கருத்து. அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடத்துல சிகிச்சைல முடி கொட்டின ஒரு அம்மா முன்னாடி ஜொலிச்சுக்கிட்டு நிக்க வேண்டிய தேவை நமக்கு இல்ல. பெட்டுக்குப் பக்கத்துல உக்காந்து அவங்க பேசுறதை கேளுங்க, செல்போன் பைக்குள்ள இருக்கட்டும். இல்லத்துல இருக்குற குழந்தைங்க முகம் தெரியுற மாதிரி போட்டோ போட்டா அது சட்டப்படியே குத்தம், சிறார் நீதிச் சட்டம் 2015ல 74ஆவது பிரிவு, 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். கூட்டிட்டுப் போறவங்களே எடுக்கச் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லுங்க.

தனியா எங்கயும் போகக் கூடாது, அம்மாவோ அக்காவோ நம்பிக்கையான ஒருத்தங்க கூட இருக்கணும். செல்ஃபி வரிசைல பொக்கேயையோ மெமென்டோவையோ இடுப்பு பக்கமா ரெண்டு கையால பிடிச்சுக்கோங்க, யார் கையும் அங்க வராது. அப்படியும் ஒருத்தர் தோள்ல கை போட்டா, கூட வந்தவங்க "அண்ணா, கையை எடுத்துட்டு நில்லுங்க"ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லணும், பொண்ணு சிரிச்சு சமாளிக்க வேண்டியதில்ல. ரூம் நம்பரை ரிசப்ஷன்ல சத்தமா சொல்ல விடாதீங்க. பெண்கள் உதவி எண் 181, ஸ்பீட் டயல்ல இருக்கட்டும்.

இந்த விஷயத்துல நான் ரொம்ப பிடிவாதம்: தண்ணி குடிக்கணும். கவுன் போட்டுட்டா பாத்ரூம் போறது கஷ்டம்னு நிறைய பொண்ணுங்க காலைல இருந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்க மாட்டாங்க, அப்புறம் யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல். தேதி குடுக்கும்போதே பாத்ரூம் உள்ள ஒரு ரூம் வேணும்னு கேளுங்க, இல்லன்னா அந்த நிகழ்ச்சியே வேணாம். கிளம்புறதுக்கு முன்னாடி இட்லியோ தயிர் சாதமோ வயிறு நிறைய சாப்பிடுங்க, போற இடத்துல இலை போட்டாலும் சுத்தி பத்து கேமரா நிக்கும், ஒரு வாய் இறங்காது.

படிக்கிற பொண்ணுன்னா 75 பர்சன்ட் அட்டென்டன்ஸை மறந்துடாதீங்க. 2018ல மிஸ் இந்தியா ஆன அனுக்ரீத்தி வாஸ் கூட லயோலா காலேஜ்ல படிச்சிட்டு இருந்தப்பதான் ஜெயிச்சாங்க. மாச ஆரம்பத்துலயே ஹெச்ஓடி-யை நேர்ல பாத்து தேதியெல்லாம் காட்டி ஓடி (ஆன் டியூட்டி) லெட்டர் குடுத்துடுங்க, போயிட்டு வந்து கேட்டா யாரும் தரமாட்டாங்க. விழுப்புரத்துல சித்திரை மாசம் கூத்தாண்டவர் திருவிழா சமயத்துல மிஸ் கூவாகம் ஜெயிக்கிற திருநங்கை தோழிகளுக்கும் இதுல முக்காவாசி அப்படியே பொருந்தும், அவங்க வேலைக்குப் போறவங்களா இருந்தா ஓடிக்கு பதிலா ஆபீஸ்ல லீவு.

பணம்னு வந்தா, கடை திறப்புக்கும் விளம்பரத்துக்கும் கூச்சப்படாம ரேட் சொல்லுங்க, கவர்மென்ட் ஸ்கூலுக்கும் இல்லத்துக்கும் வாங்காதீங்க. காசோ பொருளோ வாங்கிட்டு போஸ்ட் போட்டா அது விளம்பரம்னு தெளிவா எழுதணும். பொய்யான விளம்பரத்துல நடிச்சா 2019 நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் எந்த விளம்பரமும் பண்ண முடியாம தடையும் போடலாம், சிவப்பாக்குற கிரீம் எவ்ளோ குடுத்தாலும் தொடாதீங்க. ஒரே கம்பெனி ஒரு வருஷத்துல குடுக்குற கிஃப்ட், ட்ரிப் எல்லாம் சேத்து 20,000 ரூபாயை தாண்டினா அதுக்கும் 10 பர்சன்ட் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்குற வருமான வரி, உண்டு, 2022 ஜூலைல இருந்து இப்படித்தான். அதனால பட்டுப்புடவை வந்தாலும் செயின் வந்தாலும் யார் குடுத்தது, என்னைக்கு, என்ன விலைன்னு அன்னிக்கு ராத்திரியே நோட்ல எழுதி, பில் கிடைச்சா அதையும் ஒட்டி, மாசம் முடிஞ்சதும் ஆடிட்டர் கைல குடுத்துடுங்க.