விறகடுப்பு மேடையை மாற்றிக் கட்டுதலும் புகைபோக்கியின் வழியைத் திருப்புதலும்

விறகடுப்பின் மேடையை இடித்துக் கட்ட முனைபவர்கள் பெரும்பாலும் கல்லையும் சாந்தையும் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் வேலை தொடங்க வேண்டிய இடம் கூரை. புகைபோக்கி எவ்வழியே ஏறி எங்கே வெளிவரும் என்பது முடிவான பிறகே அடுப்பு நிற்கும் இடத்தையும் மேடையின் அளவையும் குறிக்க முடியும். குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசாக இருப்பதால்தான் புகை மேலே இழுக்கப்படுகிறது. ஆகவே குழாய் எவ்வளவு நேராகவும் உயரமாகவும் சூடு ஆறாமலும் இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை நன்றாக இருக்கும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாயைவிட வீட்டுக்குள்ளேயே ஏறும் குழாய் மேலானது என்பதற்கும் காரணம் இதுவே.

கூரையின் அடிப்புறத்தில் இரண்டு கைமரங்களுக்கு நடுவே இடம் பார்த்து, அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளிக்கு நேராக அடுப்பின் புகைவாய் அமையுமாறு திட்டமிடுங்கள். ஏதேனும் ஒரு மரம் குறுக்கிட்டால், அதை வெட்டுவதைவிட அடுப்பை ஒரு சாண் நகர்த்துவதே நல்லது. அதற்கும் வழியில்லாதபோது 30 பாகை வளைவுகள் இரண்டைக் கொண்டு குழாயை ஒதுக்கலாம்; 90 பாகை எல்போ இழுவையைக் குறைப்பதோடு கரி தங்கும் இடமாகவும் ஆகிவிடும். படுக்கைவாட்டில் குழாய் போயே தீர வேண்டுமென்றால், அடுப்பிலிருந்து மேல்நோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. வீதமாவது ஏற்றம் கொடுக்க வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் பொதுவானவை. அடுப்பின் கையேடோ உள்ளூர்க் கட்டட விதியோ வேறு அளவைச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

பழைய மேடையை இடிக்கும்முன் அடுப்பைச் சுற்றியுள்ள பலகைகளையும் அடுப்புக் கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றையும் கவனியுங்கள். பழைய அமைப்புகளில் அவை கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடானது) இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் இருந்தால் உடைக்காமலும் தேய்க்காமலும் விட்டு, அதில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றுவதே முறை.

மரத்தளத்தின் மேல் ஓடு பதித்துவிட்டால் மேடை ஆயிற்று என்று நினைப்பது ஆபத்தான தவறு. ஓடு எரியாது என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தைக் கீழே கடத்தும், அடியிலுள்ள மரம் நாளடைவில் காய்ந்து கருகித் தீப்பற்றும் நிலைக்கு வரும். எனவே வெப்பம் தடுக்கும் பலகையோ இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல்லோ அடியில் இருக்க வேண்டும். அதற்கும் முன்பாக, அடுப்பும் கல்லும் சேர்ந்த எடையைத் தளத்தின் உத்தரங்கள் தாங்குமா என்று பார்த்து, தேவையானால் கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேடை அடுப்புக் கதவுக்கு முன்னால் 45 செ.மீ., பக்கங்களில் 20 செ.மீ. நீண்டிருந்தால், தெறிக்கும் தணல் தரையில் விழாது. கால்களுள்ள மூடிய இரும்பு அடுப்புக்குச் சாதாரணச் செங்கல்லும் சிமெண்டுச் சாந்துமே போதும்; நெருப்பு நேரடியாகப் படும் இடங்களுக்கு மட்டும் தீச்செங்கல்லையும் வெப்பம் தாங்கும் சாந்தையும் வாங்குங்கள்.

மரத்தாலான சுவருக்கும் அடுப்புக்கும் இடையே 90 செ.மீ. விட வேண்டும். சுவரிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, மேலும் கீழும் காற்றோட்டம் இருக்குமாறு உலோகத் தகடு பொருத்தினால், இந்த இடைவெளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க முடியும்.

குழாய்களைக் கோக்கும்போது ஒவ்வொரு துண்டின் குறுகிய முனையும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். புகை அழகாக ஏறட்டும் என்று இதைத் தலைகீழாகப் பொருத்துபவர்கள் உண்டு. அப்போது குழாய்க்குள் படியும் கீல் (புகையிலிருந்து உண்டாகும் தார் போன்ற படிவு) இணைப்பின் வெளிப்புறமாக வழிந்து, பழுப்பு நிறக் கோடுகளாக உறைந்து நாற்றமடிக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகுகள் போடுங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 45 செ.மீ. வேண்டும். மேற்கூரையைக் கடக்குமிடத்தில் அந்தக் குழாய் கூடவே கூடாது. வெப்பக்காப்புள்ள இரட்டைச் சுவர்க் குழாயை, சுற்றிலும் 5 செ.மீ. வெற்றிடம் விட்டுப் பொருத்த வேண்டும். அந்த வெற்றிடத்தை வெப்பக்காப்புப் பஞ்சு போட்டு அடைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். கூரைக்கு மேல் 90 செ.மீ. உயர்ந்தும், 3 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 60 செ.மீ. உயர்ந்தும் குழாய் முடிய வேண்டும். பழைய புகைவழியின் துளையை முழு ஆழத்துக்கும் செங்கல் வைத்துக் கட்டி மூடுங்கள்.

சாந்து நன்கு காய்ந்த பிறகு, முதல் சில நாள்களுக்குச் சுள்ளிகளை மட்டும் எரித்துச் சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்; அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்துக் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். படிவு 3 மி.மீ. தடித்திருந்தால் உடனே துடைத்தெடுக்க வேண்டும். அது பளபளப்பான கறுப்புப் பூச்சாக இருந்தால், விறகு ஈரமாக இருக்கிறது அல்லது காற்றைக் குறைத்து எரிக்கிறீர்கள் என்று பொருள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறையும்வரை விறகை உலரவிட்டு, பிறகு அடுப்பில் இடுங்கள்.