'பேட்ச் போட்டாச்சு' என்று சொல்லும் முன்

"சர்வர் எல்லாம் அப்டேட் பண்ணியாச்சா?"

"ஆச்சு சார்."

இதில் யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டவர் ஒரு பொருளில் கேட்கிறார், சொன்னவர் வேறு பொருளில் சொல்கிறார். யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் பேட்ச் (மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தொடர்பாக நான் பார்த்த குளறுபடிகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தவை.

அப்டேட் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் 'ஆப்ட் அப்டேட்' என்று அடித்தால் ஒரு பேட்ச்கூட ஏறாது. எந்த மென்பொருள் பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இறங்கும். விலைப்பட்டியலை வாங்கி வந்தாயிற்று, சாமான் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அதை ஏற்ற 'ஆப்ட் அப்கிரேட்' என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ரெட் ஹாட் குடும்பத்திலோ 'யம் அப்டேட்' என்றாலே நிறுவும் வேலை தொடங்கிவிடும். அங்கே பழகிய கை இங்கே வந்தால் சிக்கல்தான். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் 'ஆப்ட் அப்டேட்' கட்டளையை மட்டும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்த ஒரு சர்வரை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நிறுவியதும் ஓடுவதும் ஒன்று என்ற நினைப்பு. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யப் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்கு பேட்ச் வருகிறது என்று வையுங்கள். பேக்கேஜ் மேலாளர் புதிய கோப்பை எழுதி, பழைய பெயரில் வைத்துவிடும். ஆனால் போன மாதமே தொடங்கிய வெப் சர்வர், பழைய கோப்பைத் திறந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் போனாலும், பிடித்திருக்கும் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) விடும்வரை அந்தப் பழைய கோப்பு உயிரோடு இருக்கும். யூனிக்ஸின் இயல்பே அப்படி. ஆக, டிஸ்கில் புது லைப்ரரி இருக்கிறது, ஓடுவதோ ஓட்டையுள்ள பழையது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையின் வெளியீட்டில் அந்த லைப்ரரிக்குப் பக்கத்தில் 'டெல்' அல்லது 'டெலீடட்' என்று தெரிந்தால், அந்த சர்வீஸை இன்னும் ரீஸ்டார்ட் செய்யவில்லை என்று அர்த்தம். டெபியன் பக்கம் 'நீட்ரீஸ்டார்ட்', ரெட் ஹாட் பக்கம் 'நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்' என்ற கருவிகள் இதைப் பட்டியல் போட்டே காட்டிவிடும்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கும் இதே கதைதான். புதிய கெர்னல் நிறுவியிருக்கலாம், 'யூநேம் -ஆர்' என்ன காட்டுகிறதோ அதுதான் ஓடுகிறது. அப்டைம் (ரீபூட் இல்லாமல் ஓடிய காலம்) 700 நாள் என்று பெருமையாக ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. லைவ் பேட்ச் (ஓடும் கெர்னலை ரீபூட் இல்லாமலே திருத்துவது) இல்லையென்றால், அந்த 700 நாளில் வந்த கெர்னல் திருத்தம் எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. லைவ் பேட்ச் இருந்தாலும், கெர்னலில் தேர்ந்தெடுத்த சில திருத்தங்களுக்குத்தான் அது. ரீபூட்டைத் தள்ளிப்போடலாம், ஒரேயடியாகத் தவிர்க்க முடியாது.

இனி பேக்போர்ட், அதாவது புதிய பதிப்பின் திருத்தத்தைப் பழைய பதிப்பில் பொருத்துவது. ஆடிட்டருக்கும் அட்மினுக்கும் அடிக்கடி சண்டை மூட்டிவிடும் சொல் இது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் அதைச் சரிசெய்து 1.0.1ஜி என்ற பதிப்பை வெளியிட்டது. ரெட் ஹாட் 6-இல் இருந்ததோ 1.0.1ஈ. அவர்கள் பதிப்பை உயர்த்தவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 1.0.1ஈ-யிலேயே பொருத்தி, பின்னால் வரும் ரிலீஸ் எண்ணை மட்டும் மாற்றினார்கள். மற்ற மென்பொருள்கள் உடையாமல் இருக்க இதுதான் நல்ல வழி. ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஓட்டை தேடும் ஸ்கேனர், சரிசெய்த சர்வரையும் சிவப்பில் காட்டும். உடனே பதறிப்போய் மூல நிரலை இறக்கித் தானே கம்பைல் செய்து போடுவதுதான் இங்கே தவறு. அன்றோடு அந்த மென்பொருள் பேக்கேஜ் மேலாளரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அடுத்த ஓட்டை வரும்போது அதற்கு யாரும் பேட்ச் அனுப்பமாட்டார்கள். ரெட் ஹாட்டின் பேக்கேஜ் கருவியான 'ஆர்பிஎம்' கட்டளைக்குச் சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்) கேட்கும் விருப்பம் இருக்கிறது. அதில் ஹார்ட்பிளீடின் அடையாள எண்ணான சிவிஇ-2014-0160 என்று தேடி, கிடைத்த வரியை ஆடிட்டருக்கு அனுப்புங்கள், போதும்.

புதிய பதிப்பு என்றாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இதோடு ஒட்டியதுதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். பழைய பதிப்பிலேயே இருந்த டெபியன் ஸ்டேபிளும் ரெட் ஹாட்டும் தப்பித்தன.

'அப்டேட் செய்ய எதுவும் இல்லை' என்ற செய்தியையும் சந்தேகத்தோடு படியுங்கள். ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அதன் பிறகு ரெப்போவை (பேக்கேஜ்கள் இறங்கும் இடத்தை), பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வால்ட் முகவரிக்கு மாற்றி 'யம் அப்டேட்' கொடுத்தால், கொஞ்ச நாளில் எதுவும் இல்லை என்றுதான் வரும். எல்லாம் போட்டாயிற்று என்று அதைப் படித்தால் ஏமாந்தோம். பேட்ச் தயாரிப்பதே நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் வேலை செய்பவர்கள் 'அப்ளை', 'கமிட்' இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்ளை செய்தால் பழைய கோப்புகள் பத்திரமாக இருக்கும், பிடிக்கவில்லையென்றால் ரிஜெக்ட் செய்து திரும்பலாம். கமிட் செய்துவிட்டால் அவை போய்விடும். ஸ்மிட்டி என்ற நிர்வாக மெனுத் திரையில் அந்த வரியைப் பார்க்காமலே எண்டர் தட்டுவதுதான் வழக்கமான விபத்து. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையில் வழக்கமாக அடிப்படை அமைப்புக்கு 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்', பிற மென்பொருளுக்கு 'பிகேஜி'. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

அப்புறம், கான்ஃபிக் கோப்புகள். நீங்கள் கைவைத்த கோப்பை ஆர்பிஎம் பெரும்பாலும் தொடாது. புதியதைப் பக்கத்திலேயே 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டுடன் வைத்துவிட்டுப் போய்விடும். சில நேரம் பாதுகாப்புத் திருத்தமே அந்தப் புதிய கோப்பின் ஒரு வரியில்தான் இருக்கும். கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் ஒருமுறை அந்தப் பின்னொட்டைத் தேடிப் பாருங்கள். கொஞ்சம் பழைய சர்வர் என்றால், மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்புகூட யாரும் திறக்காமல் கிடக்கும்.