அமெரிக்காவில் முதல் ரைபிள்: கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடைக்குக் கிளம்புமுன் உங்கள் ஐ-94 தாளை (எந்த விசா நிலையில் இருக்கிறீர்கள் என்று காட்டும் வருகைப் பதிவு) எடுத்துப் பாருங்கள். எந்த ரைபிள், என்ன விலை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, துப்பாக்கியோ ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கடையில் அல்ல. "சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகலாம், வா" என்று அலுவலக நண்பர் கூப்பிடுவார். சொந்தத் துப்பாக்கி இல்லையே, வாடகைக்கு எடுத்துச் சுடுவதுதானே என்று தோன்றும். கையில் வாங்கிச் சுட்டாலே "வைத்திருந்தார்" என்றுதான் சட்டம் பார்க்கும். பி-2 விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு ஆசையாக ஒரு ரவுண்டு சுடக் கொடுப்பதும் இதே கணக்குதான். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது, நமக்கு எதிரான சாட்சியத்தை நாமே எழுதிக் கொடுப்பது போல.

இதற்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரரும் கூட்டாட்சிச் சட்டப்படி வாங்கலாம், வைத்திருக்கலாம். வாங்கும் மாநிலத்தின் உரிமமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உரிமம் முடிந்த மறுநாளே, வீட்டில் இருக்கும் துப்பாக்கி குற்றமாகிவிடும். கார் இன்சூரன்ஸ் போல "அடுத்த வாரம் புதுப்பிக்கலாம்" என்று விடக்கூடிய விஷயம் இல்லை. மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கலாம். இந்த வழியில் போக நினைத்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

கிரீன் கார்டு வந்தவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. ஆனாலும் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற தவறு உங்களுக்கு விமானப் பயணத்தில் முடியக்கூடும்.

ஒரே வீட்டில் மனைவி கிரீன் கார்டு, கணவர் எச்-1பி என்று இருப்பது நம்மிடையே சாதாரணம். மனைவி தனக்காக வாங்கலாம். கணவருக்காகத் தன் பெயரில் வாங்கக் கூடாது. லாக்கரின் சாவியும் எண்ணும் மனைவியிடம் மட்டுமே இருக்க வேண்டும். கணவர் கை எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தாலே அவரும் "வைத்திருந்தார்" என்று வாதிட இடம் உண்டு. நண்பர் பணம் கொடுத்து உங்கள் பெயரில் வாங்கச் சொல்வது இன்னும் மோசம். வேறொருவருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவது தனிக் குற்றம், அதற்கும் 15 ஆண்டு வரை சிறை உண்டு.

மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்

டெக்சஸில் மாநில அனுமதி என்று தனியாக எதுவும் வேண்டாம். இல்லினாயில் முதலில் எஃப்ஓஐடி அட்டை (துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை) எடுக்க வேண்டும், பணம் கட்டிய பிறகும் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் ஆயுதம் வாங்குவோர் அடையாள அட்டை. கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வும் 10 நாள் காத்திருப்பும். நியூயார்க்கில் 2022 செப்டம்பர் முதல் செமி ஆட்டோமேட்டிக் (டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைபிள் வாங்கத் தனி உரிமம். சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்: வாஷிங்டன் மாநிலத்தில் 0.22 அங்குலச் சிறு தோட்டா சுடும் சாதாரண .22 செமி ஆட்டோ கூட கடுமையான பிரிவில்தான் வருகிறது. அதை வாங்க 21 வயதும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வாங்கும் வாரத்தில் மாநிலக் காவல்துறையின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். நண்பர் மூன்று வருடம் முன்பு வாங்கிய அனுபவத்தை நம்பாதீர்கள்.

எதை வாங்குவது

முதல் ரைபிளாக .22 எல்ஆர் செமி ஆட்டோவைத்தான் நாங்கள் சொல்வோம். ஏஆர்-15 வகையைக் கடைக்காரர் முதலில் காட்டலாம், விலையும் இப்போது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் தோட்டா ஒன்றுக்கு 40, 50 சென்ட் ஆகும்; .22க்கு 7 முதல் 10 சென்ட். ஒரு மதியத்தில் 200 தோட்டா சுட்டால் ஒன்றில் 100 டாலர் வரை, மற்றதில் 20 டாலர். சத்தமும் உதைப்பும் குறைவாக இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்கும் பழக்கம் வராது. அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

ரூகர் 10/22, 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின், 18.5 அங்குலக் குழல், எடை சுமார் 5 பவுண்டு. கடையில் பெரும்பாலும் 250 முதல் 350 டாலருக்குள் கிடைக்கும். உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. டிரிகர் கொஞ்சம் கனம்தான். அதற்காக முதல் நாளே மாற்று டிரிகர் வாங்காதீர்கள், அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். உயரம் குறைந்தவர்கள் காம்பாக்ட் வகையைத் தோளில் வைத்துப் பார்க்கலாம். கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) தோளில் இருக்கும்போது கழுத்தை நீட்டாமலே கண் குறிக்கு நேராக வர வேண்டும். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்கு நீளம்.

சாவேஜ் 64, ராஸி ஆர்எஸ்22 இரண்டும் இதைவிட மலிவு, 150 முதல் 200 டாலருக்குள் அமையும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது, தொல்லை கொடுப்பது மேகசின்தான். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தால் கோளாறு ரைபிளிலா மேகசினிலா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பழைய துப்பாக்கிகளில் மார்லின் 60 நிறையக் கண்ணில் படும். குழலுக்குக் கீழே நீளக் குழாய் மேகசின் கொண்டது. நல்ல ரைபிள்தான், ஆனால் காலி செய்யும்போது குழாய்க்குள் ஒரு தோட்டா ஒளிந்துகொள்ளும். உள்குழாயை வெளியே எடுத்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடியே போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) பலமுறை இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகுதான் காலி என்று சொல்ல வேண்டும். இதனாலேயே முதல்முறை வாங்குபவருக்குக் கழற்றி மாட்டும் மேகசினே மேல்.

பழையது வாங்கினால் சிறு டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா நுழையும் அறையின் விளிம்பைப் பாருங்கள். காலியாகவே டிரிகரை இழுத்து இழுத்து விளையாடிய துப்பாக்கி என்றால், ஊசி அடித்த இடத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் ஒரு பள்ளம் இருக்கும். அதிலிருந்து பிதுங்கிய உலோகம் தோட்டாவை உள்ளே விடாது. குழலின் முன்விளிம்பில் கீறல், கட்டையில் விரிசல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடையில் டிரிகரை இழுத்துப் பார்க்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது.

ஃபாரம் 4473: கடையில் நிரப்ப வேண்டிய படிவம்

பலர் வாங்காமலே திரும்பி வருவது முகவரியால். ஓட்டுநர் உரிமத்தில் இப்போது வசிக்கும் முகவரி இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் மாறி அட்டையை மாற்றாதவர்கள், புது முகவரி உள்ள வேறொரு அரசு ஆவணத்தை, உதாரணமாக வாகனப் பதிவை, சேர்த்து எடுத்துப் போங்கள். குடிமகன் அல்லாதவர் ஏலியன் எண்ணையோ ஐ-94 எண்ணையோ எழுத வேண்டும். கிரீன் கார்டையும் கொண்டு போங்கள்.

அடுத்த சிக்கல் நம் பெயர். தலையெழுத்து மட்டும் உள்ளவர், அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியவர், அட்டையில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர் எல்லாரும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். சட்டப்படியான பெயரில் வெறும் தலையெழுத்துத்தான் இருக்கிறது என்றால் அதன் பக்கத்தில் "ஐஓ" என்றும், நடுப்பெயர் இல்லை என்றால் "என்எம்என்" என்றும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது படிவத்தின் குறிப்பு. குமார், ராஜ் போன்ற பொதுவான பெயர்கள் வேறொருவருடன் குழம்பலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் எழுதுவது கட்டாயமில்லை, எழுதினால் அந்தக் குழப்பம் குறையும்.

கஞ்சா பற்றிய கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை, பயன்படுத்துபவர் வாங்க முடியாது. எந்தக் கேள்விக்கும் பொய் சொல்வது தனிக் குற்றம்.

கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் என்ஐசிஎஸ் என்ற பின்னணிச் சோதனை முறை மூலம் சரிபார்ப்பார். "தொடரலாம்", "தாமதம்", "மறுப்பு" என மூன்றில் ஒரு பதில் வரும். தாமதம் என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் பெயர்க் குழப்பம்தான். ஆன்லைனில் வாங்கினாலும் ரைபிள் உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். அங்கே இதே படிவம், அதோடு 25 முதல் 50 டாலர் கைமாற்றுக் கட்டணம். 40 டாலர் மலிவு என்று ஆர்டர் செய்து, கடைசியில் அதிகம் கொடுப்பவர்கள் உண்டு.

மொத்தச் செலவும் தோட்டாவும்

ரைபிள் 300 டாலர் என்றால் கையில் 510 முதல் 605 வரை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும் இரும்பு அலமாரி 120 முதல் 200, காதுக்கவசம் 25, கண்ணாடி 10, சுத்தம் செய்யும் பொருட்கள் 20, 500 தோட்டா 35 முதல் 50. பணம் இடித்தால் டெலஸ்கோப்பைத் தள்ளிப் போடுங்கள், அலமாரியைத் தள்ளிப் போடாதீர்கள்.

தோட்டா எல்லாம் ஒன்றல்ல. 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), நொடிக்கு 1,200 அடிக்கு மேல் வேகம் உள்ளதாக வாங்குங்கள். சிசிஐ மினி-மேக் நம்பகமானது. "சப்சானிக்" என்று போட்டிருப்பது சத்தம் குறைவு என்று வாங்கினால், போல்ட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ள வேகம் போதாமல் வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலேயே சிக்கி நிற்கலாம். முதல் 200 தோட்டாவை மூன்று பிராண்டில் பிரித்து வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எது உங்கள் ரைபிளுக்கு ஒத்துப்போகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருங்கள், பிறகு வெளியே எடுங்கள். .22இல் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாவிட்டால் இப்படி ஆகும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் "பொத்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த தோட்டா குழலைக் கிழித்துவிடும். சின்னத் தோட்டாதானே என்று வேலிக்கு மேலே சுடாதீர்கள், .22 குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும்.

10/22ஐப் பிரிக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று உறுதி செய்து, போல்ட்டை ஒருமுறை இழுத்து விட்டு, கட்டையின் திருகையும், குழலைக் கட்டையோடு பிடிக்கும் பட்டை இருந்தால் அதையும் எடுத்த பிறகும் கட்டை வராது. சேஃப்டி பொத்தான் இரு பக்கமும் சமமாக, நடுவில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும், வலுவாக இழுத்தால் மரம் பிளக்கும். பின்பக்கம் மூடியிருப்பதால் குழலைச் சுத்தம் செய்யும் கம்பியை முன்வாயிலிருந்துதான் விட முடியும், அது விளிம்பைத் தேய்க்கும். அறைப் பக்கமிருந்து இழுக்கும் சுத்தக் கயிறே நல்லது.

ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை முகம் கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். தோட்டாவின் ஈயத் தூள் உடையில் ஒட்டியிருக்கும். வீட்டில் ரைபிள் காலியாக, பூட்டி. தோட்டா வேறு பூட்டில். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் இப்போது வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்கச் சட்டப்படியான வழியைக் கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ கேளுங்கள். 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண் எந்நேரமும் உதவும்.

ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பையில் ஒருபோதும் தோட்டா போடாதீர்கள். அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது, அடியில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாக. கிளம்புமுன் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்து உதறிப் பாருங்கள்.