ஸ்ட்ரேஞ்சர் தொடரை நண்பர் தலையில் கட்டுவது எப்படி

மர்மத் தொடரைப் பரிந்துரைப்பதில் ஒரு தொல்லை: கதையைச் சொல்லாமல் ஆள் மசிய மாட்டார், சொல்லிவிட்டால் பார்க்க எதுவும் மிஞ்சாது. என் மச்சானிடம் நான் அப்படித்தான் சொதப்பினேன். "அந்த ஆளை மட்டும் நம்பிடாதீங்க மச்சான்" என்று வாய்தவறி ஒரு வார்த்தை விட்டேன், மனுஷன் பதினாறு எபிசோடும் அந்த ஆளையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2017-இல் டிவிஎன் சேனலில் வந்த கொரியத் தொடர் இது. கொரியன் சீரிஸ் என்றாலே காதல் கதைதானே என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருப்பதால் நம்மூரில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வெறும் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள், தேடினால் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற வேறு தொடர்தான் முன்னால் வந்து நிற்கும். நடிகர்கள் சோ சுங்வூ, பே டூனா பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

கதைக்குப் பதிலாக முதல் எபிசோடில் ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள். நாயகன் ஹ்வாங் சிமோக் ஒரு லஞ்சத் தரகரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போகிறான், அவர் கத்திக்குத்துப்பட்டுச் செத்துக்கிடக்கிறார். நாமாக இருந்தால் அலறுவோம். சின்ன வயதில் மூளையில் நடந்த அறுவை சிகிச்சையால் உணர்ச்சியெல்லாம் மங்கிப்போன இவனோ, வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான், டிவியில் சிக்னல் வரவில்லை என்பதைக் கவனிக்கிறான், கேபிள் ரிப்பேர்காரர் வந்திருப்பாரே என்று பிடித்துவிடுகிறான். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்தான் கொன்றாரா என்று கேட்டால், பேச்சை மாற்றுங்கள்.

அப்புறம் ஒன்றை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் "வக்கீலுக்குக் கொலை நடந்த இடத்துல என்ன வேலை?" என்று போன் வரும். சிமோக் அரசு வழக்கறிஞர்தான், ஆனால் நம்மூரில் போலீஸ் விசாரித்துக் கொடுத்ததை கோர்ட்டில் வாதாடுபவர் போல இல்லை. தொடர் வந்த காலத்தில் கொரியாவில் அந்தப் பதவிக்கு நேரடியாக விசாரணை நடத்தவும் அதிகாரம் இருந்தது, போலீஸுக்கு உத்தரவு போடும் இடத்திலும் அவர்கள்தான் இருந்தார்கள். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும் ஆட்களுக்கு அந்தத் தரகர் என்னவெல்லாம் வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் கதையின் முடிச்சே. 2020-இல் வந்த இரண்டாம் சீசன் முழுக்க அந்த அதிகாரம் யாருக்கு என்ற போலீஸ், வழக்கறிஞர் இழுபறிதான். கொஞ்சம் இழுவை, அதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

குறைகளை மறைக்காதீர்கள். முதல் இரண்டு எபிசோடில் பெயர்கள் குழம்பும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல், சப்டைட்டில் படிக்க வேண்டியிருப்பதால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்க்க முடியாது. எனக்கு ஒரு தாளில் "சிடுமூஞ்சி மேலதிகாரி", "வழுக்கிப் பேசுற டோங்ஜே" என்று எழுதிவைத்துக்கொண்டது உதவியது. காதல் காட்சியும் கிடையாது. பே டூனாவின் போலீஸ் பாத்திரம் நோட்டில் கார்ட்டூன் வரைவாள், சிமோக்கின் கல்முகத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வாள், அவர்களுக்குள் உருவாகும் நட்பே போதும்.

நாலாவது எபிசோடு முடிந்ததும் நண்பரே கூப்பிட்டு "இவன்தானே?" என்று ஒரு பெயர் சொல்வார். "பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள்.